விதியைப் படித்த பிறகே அட்டையை எடுங்கள்: ஸ்ப்ளின்டர்லேண்ட்ஸில் கட்டுப்பாட்டுக்குள் அணி அமைக்கும் முறை

ஸ்ப்ளின்டர்லேண்ட்ஸ் என்ற இணைய அட்டை விளையாட்டு 2018-ஆம் ஆண்டில் ஸ்டீம் மான்ஸ்டர்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. பெயர் மாறியது, அட்டைத் தொகுப்புகள் பல வந்தன, ஆனால் ஆட்டத்தின் அடிப்படை மாறவில்லை. ஒவ்வொரு போட்டிக்கும் ஆட்டமே சில விதிகளை விதிக்கும். அந்த விதிகளுக்குள் நின்று, குறிப்பிட்ட நேரத்துக்குள், நம்மிடம் உள்ள அட்டைகளிலிருந்து ஓர் அணியை அமைத்து ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பிறகு நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை. சண்டை தானாகவே நடந்து முடியும். ஆகவே வெற்றி தோல்வி அனைத்தும் அணி அமைக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் தீர்மானிக்கப்படுகிறது.

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இந்த ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கும் இளைஞர்கள், குறிப்பாக பர்கூர் பொறியியல் கல்லூரி மாணவர்களும் ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வந்து ஆடுகிறவர்களும், என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, எந்த கார்டு நல்ல கார்டு?" அந்தக் கேள்விக்கு நான் நேரடியாக விடை சொல்வதில்லை. இந்த ஆட்டத்தில் எந்த அட்டையும் எல்லாப் போட்டியிலும் நல்ல அட்டையாக இருப்பதில்லை. அன்றைய விதிதான் அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது. நம் பக்கத்துப் புன்செய்க்காரர், மழை பருவத்தில் பெய்தால் நிலக்கடலையையும் ராகியையும் விதைப்பார், மழை தள்ளிப்போனால் கொள்ளுக்கு மாறிவிடுவார். கையில் எந்த விதை இருக்கிறது என்பதைவிட வானம் என்ன தந்திருக்கிறது என்பதை முதலில் பார்ப்பார். அணி அமைப்பதிலும் வரிசை அதுவே. இந்தக் கட்டுரை அந்த வரிசையைப் படிப்படியாக விளக்குகிறது.

முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டியவை

ஓர் அணியில் ஒரு சம்மனரும் (தான் சண்டையிடாமல் அணிக்குப் பயன் தரும் தலைமை அட்டை) அதிகபட்சம் ஆறு மான்ஸ்டர்களும் (சண்டைக் களத்தில் நிற்கும் அட்டைகள்) இருப்பார்கள். நெருப்பு, நீர், நிலம், உயிர், மரணம், டிராகன் என்று ஆறு பிரிவுகள் உள்ளன. எந்தப் பிரிவிலும் சேராத நியூட்ரல் அட்டைகளை எந்த அணியிலும் சேர்க்கலாம். சம்மனர் எந்தப் பிரிவோ, மான்ஸ்டர்களும் அந்தப் பிரிவிலிருந்தோ நியூட்ரலிலிருந்தோதான் வர வேண்டும். டிராகன் சம்மனரை எடுத்தால் மட்டும், டிராகன் அட்டைகளோடு வேறொரு பிரிவையும் துணைக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

தாக்குதல் மூன்று வகைப்படும். மெலீ என்பது கைகலப்பு. சிறப்புத் திறன் இல்லாத மெலீ அட்டை முதலிடத்தில் நின்றால் மட்டுமே தாக்கும். ரேஞ்ச்டு என்பது தொலைவிலிருந்து எய்வது. இது அதற்கு நேர்மாறாக, முதலிடத்துக்கு வந்துவிட்டால் தாக்க இயலாமல் நின்றுவிடும். மேஜிக் எந்த இடத்திலிருந்தும் தாக்கும், எதிரியின் கவசத்தைத் தாண்டி நேராக உயிர்ப்புள்ளியைக் குறைக்கும். சிறப்புத் திறன் எதுவும் இல்லையென்றால் எல்லா அடியும் எதிரணியின் முதலிடத்தில் நிற்பவர்மேல்தான் விழும். அவர் வீழ்ந்ததும் பின்னால் நிற்பவர்கள் ஓரிடம் முன்னே நகர்வார்கள். வேகம் அதிகமுள்ளவர் முதலில் தாக்குவார்.

கவசத்தைப் பற்றி ஒரு நுட்பத்தைப் புதியவர்கள் பலரும் கவனிப்பதில்லை. ஓர் அட்டைக்கு 1 கவசம் இருக்கிறது, அதன்மேல் 4 வலிமையுள்ள மெலீ அடி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கவசம் உடைந்துபோகும், ஆனால் மீதி 3 உயிர்ப்புள்ளிக்குப் போகாது. அந்த அடி முழுவதும் கவசத்தோடு முடிந்துவிடும். ஆகவே 1 கவசம் என்பது, துளைக்கும் திறனோ மேஜிக்கோ இல்லாத எதிரியிடமிருந்து, ஒரு முழு அடியைத் தாங்கும் காப்பு ஆகும்.

முதல் படி: விதி என்ன செய்கிறது என்று வகைப்படுத்துங்கள்

ஒவ்வொரு அட்டைக்கும் மானா என்ற புள்ளிகளில் ஒரு விலை உண்டு. போட்டி அறிவிக்கப்பட்டதும் திரையில் மானா வரம்பு, விதி அல்லது விதிகள், அனுமதிக்கப்பட்ட பிரிவுகள் ஆகியவை காட்டப்படும். விதிகளின் எண்ணிக்கை பெரிது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய முயல்வதைவிட, ஒரு விதியைப் பார்த்ததும் அது என்ன வகை என்று கேட்டுக்கொள்ளும் பழக்கமே பயன் தரும். நான் அவற்றை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்.

முதல் வகை, அட்டைகளை வெளியே தள்ளும் விதிகள். லிட்டில் லீக் விதியில் 4 மானாவுக்கு மேற்பட்ட மான்ஸ்டரும் சம்மனரும் இடம்பெறக் கூடாது. ரைஸ் ஆஃப் தி காமன்ஸ் விதியில், அரிதாகக் கிடைக்கும் அளவில் கீழிரண்டு படிகளான காமன், ரேர் மான்ஸ்டர்கள் மட்டுமே வரலாம். டேக்கிங் சைட்ஸ் விதி நியூட்ரல் அட்டைகளை விலக்கிவிடும். கீப் யுவர் டிஸ்டன்ஸ் மெலீயை விலக்கும். ப்ரோக்கன் ஆரோஸ் ரேஞ்ச்டை விலக்கும். லாஸ்ட் மேஜிக் பெயருக்கேற்ப மேஜிக்கை விலக்கும். இந்த வகையில் திரையே நமக்காக வடிகட்டிவிடுவதால், தடை செய்யப்பட்ட அட்டையைத் தவறிச் சேர்த்துவிடுவோம் என்ற அச்சம் தேவையில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று: தடை எதிராளிக்கும் உண்டு. மெலீ இல்லாத போட்டியில் மெலீயைத் தடுப்பதற்கென்று உள்ள எந்தத் திறனுக்கும் வேலை இல்லை. அடித்தவரைத் திருப்பிக் குத்தும் தார்ன்ஸ் திறன் மெலீ அடிக்கு மட்டுமே செயல்படும் என்பதால், அந்தப் போட்டியில் தார்ன்ஸ் உள்ள அட்டைக்குச் செலவிடும் மானாவில் ஒரு பகுதி வீணாகும்.

இரண்டாம் வகை, திறனைப் பறிக்கும் அல்லது எல்லோருக்கும் வழங்கும் விதிகள். பேக் டு பேசிக்ஸ் எல்லா மான்ஸ்டர்களின் திறன்களையும் நீக்கிவிடும். ஹீல்டு அவுட் குணப்படுத்தும் திறன்களை நீக்கும். ஃபாக் ஆஃப் வார் விதியில், எதிரணியின் கடைசி இடத்தைத் தாக்கும் ஸ்னீக்கும், முதலிடத்தில் இல்லாத மெலீ அல்லாதவரைத் தாக்கும் ஸ்னைப்பும் இல்லை. மறுபுறம் சூப்பர் ஸ்னீக் விதி மெலீ மான்ஸ்டர் அனைவருக்கும் ஸ்னீக் திறனைத் தருகிறது. டார்கெட் பிராக்டிஸ் விதி ரேஞ்ச்டு, மேஜிக் அட்டைகளுக்கு ஸ்னைப் திறனைத் தருகிறது. ஹோலி புரொடெக்ஷன் முதல் அடியைத் தாங்கும் கேடயத்தை ஒவ்வொருவருக்கும் தருகிறது.

இந்த இரண்டாம் வகையில்தான் புதியவர்கள் மிகுதியாக மானாவை இழக்கிறார்கள். ஒரு மான்ஸ்டரின் மானா விலையில் அதன் தாக்குதல், உயிர், வேகம் ஆகியவற்றோடு அதன் திறனின் விலையும் அடங்கியிருக்கிறது. கோபோல்ட் மைனர் என்ற 2 மானா நெருப்பு அட்டை, பிறவியிலேயே ஸ்னீக் திறன் உடையது. சாதாரணப் போட்டியில் அந்த விலைக்கு அது மிக நல்ல அட்டை. சூப்பர் ஸ்னீக் விதியில் எல்லா மெலீ அட்டைக்கும் அத்திறன் இலவசமாகக் கிடைக்கும்போது, கோபோல்ட் மைனரின் தனிச்சிறப்பு போய்விடுகிறது; அதே 2 மானாவில் கூடுதல் உயிர்ப்புள்ளியோ தாக்குதலோ உள்ள திறனற்ற அட்டை இருந்தால் அதுவே மேல். விதி இலவசமாகத் தருவதற்கும், விதி பறித்துவிடுவதற்கும் மானா கொடுக்காதீர்கள். இந்த ஆட்டத்தில் வேறு எந்த அறிவுரையை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்றே புதியவர்களிடம் நான் சொல்கிறேன்.

மூன்றாம் வகை, களத்தின் இயல்பையே மாற்றும் விதிகள். எர்த்க்வேக் விதியில், பறக்காத மான்ஸ்டர் ஒவ்வொருவருக்கும் சுற்று முடிவில் 2 சேதம் ஏற்படும். நாக்ஸியஸ் ஃப்யூம்ஸ் விதியில் அனைவரும் நஞ்சேறிய நிலையிலேயே தொடங்குவார்கள். சுற்றுக்கு 2 உயிர்ப்புள்ளி கரைந்துகொண்டே இருக்கும், கவசம் அதைத் தடுக்காது. இவ்விரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் அணி அமைப்பில் வேறு வேறு விடை கேட்பவை. நிலநடுக்கத்தில் பறப்பவர்களும் கவசம் தடித்தவர்களும் தாக்குப்பிடிப்பார்கள். நஞ்சில், நஞ்சு ஏறாத இம்யூனிட்டி திறனுள்ளவர்கள் மட்டுமே முழுமையாகத் தப்புவார்கள், மற்றவர்களுக்கு விரைந்து அடித்து முடிப்பதே வழி. ரிவர்ஸ் ஸ்பீடு விதி வேகக் கணக்கைத் தலைகீழாக்கும்: வேகம் குறைந்தவர் முதலில் தாக்குவார், அடியைத் தவிர்க்கும் வாய்ப்பும் அவருக்கே கூடுதல். ஈக்வலைசர் விதியில் இரு அணியிலும் சேர்த்து எவருடைய உயிர்ப்புள்ளி மிக அதிகமோ, அந்த அளவு எல்லோருக்கும் தொடக்கத்தில் கிடைக்கும். எதிராளி பெரிய அட்டை ஒன்றைக் கொண்டுவந்தால், 0 மானா விலையுள்ள ஃப்யூரியஸ் சிக்கன்கூட அவருடைய அரக்கனுக்கு இணையான உயிரோடு நிற்கும்.

இரண்டாம் படி: மானாவைக் கணக்கிடுங்கள்

மானா வரம்பு என்பது சம்மனரும் ஆறு மான்ஸ்டர்களும் சேர்ந்து தாண்டக் கூடாத மொத்தம். இதில் எளிய கூட்டல் கழித்தல் ஒன்று பலருடைய கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. லிட்டில் லீக் விதியோடு 35 மானா வரம்பு வந்தால், "நிறைய மானா இருக்கிறது" என்று மகிழ்வதில் பொருள் இல்லை. ஓர் அட்டைக்கு 4 வீதம் ஏழு அட்டைக்கு 28 மானாவுக்கு மேல் செலவிடவே முடியாது. அப்போது மானா என்ற கட்டுப்பாடே இல்லாமல் போகிறது. 4 மானா அட்டைகளில் எது வலிமை மிக்கதோ அதை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும், சிக்கனத்துக்காக 2 மானா அட்டையைச் சேர்ப்பது தேவையற்றது.

இரட்டைப்படை மானா உள்ள மான்ஸ்டர்களை மட்டும் அனுமதிக்கும் ஈவன் ஸ்டீவன்ஸ் விதியில் இன்னொரு கணக்கு உண்டு. மான்ஸ்டர்களின் கூட்டுத்தொகை எப்போதும் இரட்டைப்படையாகவே வரும் என்பதால், சம்மனருக்குப் போக மீதி ஒற்றைப்படையாக இருந்தால் 1 மானா கட்டாயம் வீணாகும். வரம்பு 21 என்றால் 3 மானா சம்மனரை எடுத்து 18-ஐயும் பயன்படுத்தலாம். வரம்பு 20 என்றால் 4 மானா சம்மனர் 16-ஐ முழுமையாகப் பயன்படுத்துவார். ஒற்றைப்படை மட்டும் அனுமதிக்கும் ஆட் ஒன்ஸ் அவுட் விதியில், ஆறு ஒற்றைப்படை எண்களின் கூட்டுத்தொகை இரட்டைப்படையாகும். ஐந்து மான்ஸ்டர்களோடு நின்றால் ஒற்றைப்படையாகும். குறைந்த மானாப் போட்டியில் இந்த ஒற்றை மானா சில நேரங்களில் முழு ஆட்டத்தையும் திருப்பிவிடும்.

வரம்பு மிகக் குறைவாக இருக்கும்போது ஆறு இடத்தையும் நிரப்ப வேண்டுமா, நான்கு நல்ல அட்டைகளோடு நிற்பதா என்ற கேள்வி எழும். என் விடை: 0 மானா, 1 மானா அட்டைகள் கையில் இருந்தால் நிரப்புங்கள். அவை சண்டையிடாவிட்டாலும், கடைசி இடத்தில் நின்று ஸ்னீக் அடியையோ, உயிர் குறைந்தவரைத் தேடித் தாக்கும் ஆப்பர்சூனிட்டி அடியையோ தங்கள்மேல் வாங்கிக்கொள்ளும். எதிரியின் வலிமையான ஓர் அடி மலிவான அட்டையில் செலவாவது நமக்கு லாபம்.

மூன்றாம் படி: சம்மனரைத் தேர்ந்தெடுங்கள்

மான்ஸ்டர்களை எடுத்துவிட்டு அவர்களுக்கேற்ற சம்மனரைத் தேடுவது தலைகீழான வழி. சம்மனர் ஆறு பேருக்கும் சேர்த்துப் பயன் தருபவர், அல்லது எதிரணி ஆறு பேருக்கும் குறை வைப்பவர். விதி அவருடைய பயனை எவ்வாறு பெருக்குகிறது அல்லது அழிக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பழைய தொகுப்புகளின் 3 மானா சம்மனர்களை எடுத்துக்கொள்வோம். நெருப்புப் பிரிவின் மால்ரிக் இன்ஃபெர்னோ மெலீ தாக்குதலை 1 கூட்டுவார். நீரின் ஆல்ரிக் ஸ்டார்ம்பிரிங்கர் மேஜிக்கை 1 கூட்டுவார். நிலத்தின் லியானா நாச்சுரா உயிர்ப்புள்ளியை 1 கூட்டுவார். உயிர்ப் பிரிவின் டைரஸ் பலாடியம் கவசத்தை 1 கூட்டுவார். மரணப் பிரிவின் ஜின்டார் மார்டாலிஸ் எதிரணியின் மெலீயை 1 குறைப்பார். கீப் யுவர் டிஸ்டன்ஸ் விதி வந்தால் மால்ரிக்கும் ஜின்டாரும் வெறும் அட்டைகளாகிவிடுகிறார்கள். லாஸ்ட் மேஜிக் வந்தால் ஆல்ரிக் அவ்வாறாகிறார். கவசத்தை நீக்கும் அன்ப்ரொடெக்டட் விதியில் டைரஸ் பயனற்றவர். சைலன்ஸ்டு சம்மனர்ஸ் விதியில் எந்தச் சம்மனருக்கும் பயன் கிடையாது என்பதால், எந்தப் பிரிவில் உங்களிடம் நல்ல மான்ஸ்டர்கள் இருக்கிறார்களோ அந்தப் பிரிவின் மிக மலிவான சம்மனரே போதும்.

2021-இல் வெளிவந்த கேயாஸ் லீஜன் தொகுப்பின் 4 மானா சம்மனர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். நெருப்பின் டார்சா மெலீயையும் உயிர்ப்புள்ளியையும் 1 வீதம் கூட்டுவார். நீரின் கெல்யா ஃப்ரெண்டுல் கவசத்தையும் வேகத்தையும் 1 வீதம் கூட்டுவார். வழக்கமான போட்டியில் கெல்யாவைப்போல் நம்பத்தக்க சம்மனர் சிலரே. ஆனால் ரிவர்ஸ் ஸ்பீடு விதியில் அவர் தரும் வேகம் நமக்கே எதிராகத் திரும்பும். சம்மனரின் பயனைப் பழக்கத்தால் நல்லது என்று கொள்ளாமல், அன்றைய விதியோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

சம்மனரின் நிலை உயர உயரத்தான் அவருடைய அணியின் மான்ஸ்டர்களும் உயர்ந்த நிலையில் ஆட முடியும். எனவே ஆறு பிரிவிலும் தாழ்ந்த நிலைச் சம்மனர்களைச் சேர்ப்பதைவிட, இரண்டு மூன்று பிரிவுகளில் ஊன்றி நிற்பது தொடக்கத்தில் நல்லது. ஒரே பிரிவை மட்டும் நம்பியிருப்பதும் கூடாது. போட்டியில் அந்தப் பிரிவே அனுமதிக்கப்படாமல் போகலாம்.

நான்காம் படி: இடம் பிரியுங்கள்

அணியை வரிசைப்படுத்தும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் அடி எங்கே விழும்? ஒருவர் வீழ்ந்த பிறகு அந்த இடத்துக்கு யார் வருகிறார்? இரண்டாவது கேள்வியைப் புதியவர்கள் கேட்பதே இல்லை. முதலிடத்தில் உறுதியான ஒருவரை நிறுத்திவிட்டு, இரண்டாம் இடத்தில் மெல்லிய ரேஞ்ச்டு அட்டையை வைப்பார்கள். முன்னவர் வீழ்ந்ததும் அந்த ரேஞ்ச்டு அட்டை முதலிடத்துக்கு நகர்ந்து, தாக்கவும் முடியாமல் தாங்கவும் முடியாமல் நிற்கும். இரண்டாம் இடத்தில் ரீச் திறனுள்ள மெலீ அட்டை இருந்தால், அங்கிருந்தே தாக்கும், பின்னர் முதலிடத்துக்கு வந்தாலும் தாக்கும். அது இல்லையென்றால் உயிர் மிகுந்த மேஜிக் அட்டையை அங்கே வையுங்கள். ரேஞ்ச்டு அட்டைகளுக்கு மூன்று, நான்கு, ஐந்தாம் இடங்களே உரியவை. முதலிடத்திலும் ரேஞ்ச்டு தாக்கலாம் என்னும் க்ளோஸ் ரேஞ்ச் விதி வந்தால் மட்டும் இந்தக் கவலை நீங்கும்.

கடைசி இடத்தை மறந்துவிட வேண்டாம். எதிரணியில் ஸ்னீக் இருக்கும் என்று ஐயம் இருந்தால் அங்கே ஓரளவு தாங்கக்கூடியவரையோ, இழந்தால் வருத்தமில்லாத மலிவான அட்டையையோ நிறுத்த வேண்டும். உங்கள் அணியின் மிக விலையுயர்ந்த தாக்குதல் அட்டைக்கு நான்காம் இடமே பெரும்பாலும் பாதுகாப்பானது. எதிராளியின் அண்மைய அணிகள் திரையில் காட்டப்பட்டால், அவர் எந்தப் பிரிவை அடிக்கடி எடுக்கிறார், ஸ்னீக்கை நம்புகிறாரா மேஜிக்கை நம்புகிறாரா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒரு போட்டியை அருகிலிருந்து பார்ப்போம்

மானா வரம்பு 20. விதிகள் இரண்டு: லிட்டில் லீக், சூப்பர் ஸ்னீக். நெருப்பு, உயிர், மரணம் ஆகிய பிரிவுகள் அனுமதிக்கப்பட்டுள்ளன என்று கொள்வோம். பாப்பாரப்பட்டியிலிருந்து வரும் ஒரு தம்பிக்கு இதை விளக்கியபோது அவர் கேட்டார்: "என்கிட்ட நல்ல ரேஞ்ச்டு கார்டு ரெண்டு இருக்குண்ணா, அதையே வெச்சு ஆடக் கூடாதா?" ஆடலாம். ஆனால் விதி மெலீ அட்டைகளுக்குக் கொடுத்திருக்கும் பரிசை முதலில் பாருங்கள். ஸ்னீக் பெற்ற மெலீ அட்டை எந்த இடத்திலிருந்தும் தாக்கும். வழக்கமாக முதலிடத்தில் நிற்கும் ஒருவர் மட்டுமே தாக்கும் மெலீ அணியில், இன்று ஆறு பேரும் தாக்கலாம். இத்தனை பெரிய பரிசை விட்டுவிட்டு ரேஞ்ச்டுக்குப் போவது நமக்கு நாமே தடை விதித்துக்கொள்வதாகும்.

அப்படியானால் சம்மனர் யார்? மூவரைத் தராசில் வைப்போம். ஜின்டார் எதிரியின் மெலீயை 1 குறைப்பார், ஆனால் எவருடைய தாக்குதலும் 1-க்குக் கீழே போகாது. 4 மானாவுக்குட்பட்ட அட்டைகளில் தாக்குதல் 1 உள்ளவர்கள் நிறைய என்பதால் அவருடைய பயன் பாதியாகிவிடுகிறது. டைரஸ் தரும் 1 கவசம், முன்பு சொன்னதுபோல், ஆளுக்கு ஒரு முழு மெலீ அடியைத் தாங்கும். இது பெரிய பயன்தான்; எதிராளி மேஜிக் அணியோடு வந்தால் மட்டும் ஒன்றுமில்லாமல் போகும். மால்ரிக் மெலீ அட்டை ஒவ்வொன்றின் அடியிலும் 1 கூட்டுகிறார். தாக்குதல் 1 உள்ளவருடைய வலிமை இரண்டு மடங்காகிறது. சூப்பர் ஸ்னீக்கில் பெரும்பாலான மெலீ அடிகள் கடைசி இடத்தில் குவிவதால், டைரஸின் கவசத்தில் பெரும்பாலோருடையது தங்கள் முறை வரும்வரை சும்மா இருக்கும். மால்ரிக்கின் கூடுதல் வலிமையோ முதல் சுற்றிலிருந்தே தாக்கும் கைகள் எல்லாவற்றிலும் வேலை செய்யும். நான் மால்ரிக்கை எடுப்பேன். டைரஸை எடுப்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஜின்டாரை எடுப்பவரிடம் மட்டும் ஒருமுறை யோசிக்கச் சொல்வேன்.

மால்ரிக்குக்கு 3 போக மீதி 17. இதை 4, 4, 3, 3, 2, 1 என்று பிரித்தால் ஆறு இடமும் நிரம்பி மானாவும் மிச்சமின்றி முடிகிறது. 1 மானா இடத்துக்கு க்ரீப்பிங் ஊஸ் பொருந்தும். அதன் ஸ்லோ திறன் எதிரணி முழுவதின் வேகத்தையும் 1 குறைக்கும் என்பதால், வேகம் ஏறத்தாழச் சமமாக இருக்கும் இரண்டு சிறிய அணிகளுக்கிடையில் அது யார் முதலில் அடிப்பது என்பதையே மாற்றிவிடும்.

வரிசையில் இன்று கடைசி இடம்தான் முன்னரங்கம். 4 மானா அட்டைகளில் உயிர் மிகுந்ததை, தார்ன்ஸ் அல்லது மெலீ, ரேஞ்ச்டு சேதத்தைக் குறைக்கும் ஷீல்டு திறன் இருந்தால் அதை, ஆறாம் இடத்தில் நிறுத்துங்கள். தார்ன்ஸ் உள்ளவர்மேல் விழும் ஒவ்வொரு மெலீ அடிக்கும் அடித்தவர் 2 சேதம் பெறுவார். எதிரணியில் பெரும்பாலோர் அவரையே அடிக்க வரும் நாளில் அதைவிடப் பொருத்தமான திறன் இல்லை. இன்னொரு 4 மானா அட்டை முதலிடத்துக்கு, ஏனெனில் எதிராளியிடம் மேஜிக்கோ ரேஞ்ச்டோ இருந்தால் அந்த அடி வழக்கம்போல் முன்னேதான் விழும். ஐந்தாம் இடத்தில் 3 மானா அட்டைகளில் உறுதியானது. ஆறாமவர் வீழ்ந்ததும் இவரே கடைசியாகிவிடுகிறார். எஞ்சிய 3, 2, 1 மானா அட்டைகள் நடுவில் நிற்கட்டும். அந்தத் தம்பி முதலில் அமைத்த வரிசையில் உயிர் மிகுந்த அட்டை வழக்கப்படி முதலிடத்திலும், மெல்லிய அட்டை கடைசியிலும் இருந்தன. அதே ஆறு அட்டைகள்தான். இடம் மட்டும் மாறியதும் அணி வேறாகிவிட்டது.

ஐந்தாம் படி: முடிந்த சண்டையை மீண்டும் பாருங்கள்

சண்டை முடிந்ததும் முடிவை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த போட்டிக்குத் தாவிவிடாமல், மறுகாட்சியைச் சுற்று சுற்றாக ஓட்டிப் பாருங்கள். பார்க்க வேண்டியவை குறைவு: உங்கள் அணியில் ஒருமுறைகூடத் தாக்காமல் வீழ்ந்தவர் யார், எதிராளியின் எந்த அட்டை உங்கள் கணக்கில் இல்லாமல் இருந்தது, விதியை அவர் உங்களைவிட எப்படிப் பயன்படுத்தினார். தோற்ற போட்டியில் எதிராளியின் அணியே மிகச் சிறந்த பாடநூல். விதியின் பெயர், மானா வரம்பு, வென்ற அணியின் சம்மனர், ஆறு பேரின் வரிசை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வந்தால், அதே விதி மறுபடி வரும்போது கையில் ஒரு தொடக்கம் இருக்கும். மேல் லீக்குகளில் விதிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வருகின்றன. அங்கே ஒரு விதி மற்றொன்றின் பயனை அழிக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சூப்பர் ஸ்னீக்கும் கீப் யுவர் டிஸ்டன்ஸும் ஒரே போட்டியில் சந்தித்தால் முதலாவதற்குப் பொருளே இராது. திறன்களை நீக்கும் விதியோடு திறன் தரும் விதி வந்தால் எது நிற்கிறது என்பதை விதியின் விளக்கத்தைத் தட்டிப் படித்தே உறுதி செய்ய வேண்டும்.

பணமும் சிக்னலும்

இந்த ஆட்டத்தின் அட்டைகள் பிளாக்செயின் என்ற பொது மின்பதிவேட்டில் பதிவானவை, விற்கவும் வாங்கவும் கூடியவை. இதனால் பணம் ஈட்டலாம் என்ற பேச்சைக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. கற்றுக்கொள்ளும் வரை பயிற்சிப் போட்டிகளிலேயே ஆடுங்கள், அட்டை வாங்கக் கடன் வாங்காதீர்கள், நண்பர்களுக்கிடையில்கூடப் பந்தயம் கட்டாதீர்கள். கிரிப்டோ போன்ற மெய்நிகர் சொத்துகளை விற்ற லாபத்துக்கு இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் 30 விழுக்காடு வரி உண்டு. தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டமும், நாடு முழுமைக்கும் 2025-ஆம் ஆண்டின் இணைய விளையாட்டுச் சட்டமும் இருக்கின்றன; பணம் கட்டி நுழையும் எந்தப் போட்டியிலும் சேர்வதற்கு முன் அவற்றை அறிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அணியை ஒப்படைக்கக் கால வரம்பு இருப்பதால், இணைப்பு அறுந்தால் போட்டியே கைவிட்டுப் போகும். அஞ்செட்டி, சித்தேரி, வத்தல்மலைப் பக்கம் இருப்பவர்கள் சிக்னல் நிலையாகக் கிடைக்கும் இடத்தில் அமர்ந்த பிறகே தரவரிசைப் போட்டியைத் தொடங்குங்கள். பேருந்துப் பயணத்தில், குறிப்பாகத் தொப்பூர் கணவாயைக் கடக்கும் நேரத்தில், போட்டி வேண்டாம். அந்த நேரத்தில் உங்கள் அட்டைகளை மானா வாரியாக அடுக்கி, ஒவ்வொரு பிரிவிலும் 4 மானாவுக்குட்பட்ட ஆறு மான்ஸ்டர்கள் இருக்கிறார்களா, மெலீ இல்லாமல் ஓர் அணி தேறுமா, நியூட்ரல் இல்லாமல் தேறுமா என்று சரிபார்த்து வையுங்கள். தேறாத பிரிவில் எந்த அட்டை குறைகிறது என்று அப்போது தெரியும். அடுத்துச் சேர்க்க வேண்டியது அந்த அட்டையைத்தான்.